வரலாற்று மர்ம நாவல் வரிசைகள்: ஈர்ப்பும் எல்லையும்

1138ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரி கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்; தமக்கு எதிராகக் கோட்டையைக் காத்து நின்றவர்களைத் தூக்கிலிட ஆணையிட்டார். இது அக்காலத்து ஏடுகளில் பதிவான செய்தி. எடித் பார்ஜெட்டர் என்ற எழுத்தாளர் எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயரில் 1979இல் வெளியிட்ட நாவல் ஒன்று இந்தச் செய்தியிலிருந்தே தொடங்குகிறது. கொல்லப்பட்ட 94 பேருக்கும் இறுதிச் சடங்கு செய்வதற்காக மடத்திலிருந்து வரும் காட்ஃபேல் என்ற துறவி உடல்களை எண்ணிப் பார்க்கிறார். 95 உடல்கள் கிடக்கின்றன. மன்னரின் ஆணையால் இறந்தவர்களுக்கு நடுவே, யாரோ ஒருவர் தாம் செய்த கொலையின் சடலத்தைக் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறார்.

வரலாற்று மர்ம நாவல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான விடையைக் காட்டுவது கடினம். 94 உடல்கள் வரலாறு தந்தவை. 95ஆவது உடல் நாவலாசிரியர் வைத்தது. முதல் 94 பேரின் சாவுக்கு யார் பொறுப்பு என்பது ஊரறிந்த செய்தி, அதற்காக எவரும் தண்டிக்கப்படப் போவதும் இல்லை. எஞ்சிய ஒருவரைக் கொன்றது யார் என்பதுதான் கதை. ஆனால் அந்தக் கதையைப் படித்துக்கொண்டு போகும்போதே, 94 சாவுகளை நீதி என்று ஏற்றுக்கொண்ட ஒரு காலம் 95ஆவது சாவை மட்டும் குற்றம் என்று எதை வைத்துத் தீர்மானித்தது என்ற கேள்வியும் நமக்குள் எழுந்துவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்வியை எழுப்பும் நாவல்களையே நான் இந்த வகையின் நல்ல நாவல்கள் என்று கருதுகிறேன்.

சரித்திர நாவல் என்றவுடன் அரசர்களும் போர்களும் அரியணைப் போட்டிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. வரலாற்று மர்ம நாவல் அந்த மேடையின் நடுவில் நிற்பதில்லை. அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு மூலிகைத் தோட்டத் துறவியையோ, வழக்கறிஞரையோ, கூலிக்குத் தகவல் திரட்டித் தருபவரையோ பிடித்துக்கொண்டு, ஒரு குற்றத்தைப் பற்றிய கேள்வியின் வழியாக அந்தக் காலத்துக்குள் நம்மை நடத்திச் செல்கிறது. அந்தக் கேள்வி நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றியதானால் அது துப்பறியும் கதை. இனி நடக்கப்போகும் ஆபத்தைப் பற்றியதானால் அது சஸ்பென்ஸ் கதை. பெரும்பாலான நாவல்களில் இரண்டும் கலந்தே வரும். ஒரே நாயகர் அடுத்தடுத்த நூல்களிலும் தொடர்ந்து வரும்போது அது நாவல் வரிசையாகிறது. அகதா கிறிஸ்டி 1944இலேயே பண்டைய எகிப்தில் நிகழும் ஒரு கொலைக் கதையை எழுதினார். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தம் குடும்பத்தாருக்கு எழுதி, அகழாய்வில் கிடைத்த கடிதங்களே அதற்குத் தூண்டுதல். அது தனி நாவலாகவே நின்றுவிட்டது. வரிசையாக எழுதும் வழக்கம் பரவியதில் காட்ஃபேல் கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு: 1977 முதல் 1994 வரை 20 நாவல்கள் வெளிவந்தன. பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 1999இல் வரலாற்றுக் குற்றப்புனைவுக்கென்று தனி விருது ஒன்றை ஏற்படுத்தியபோது, எல்லிஸ் பீட்டர்ஸின் பெயரையே அதற்குச் சூட்டியது.

முடிவு தெரிந்த கதையில் மர்மம் எப்படி?

இந்த வகைக்குப் புதியவர்கள் பொதுவாக எழுப்பும் ஐயம் இதுதான். வரலாற்றில் என்ன நடந்தது என்பது தெரிந்த செய்தி. பின்னர் பதற்றம் எங்கிருந்து வரும்? ஃபிரடெரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல் 1963ஆம் ஆண்டில் பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோலைக் கொல்ல அமர்த்தப்படும் ஒரு கொலையாளியைப் பற்றியது. டி கோல் 1970 நவம்பரில் தம் இல்லத்தில் இயற்கையாக மரணமடைந்தார் என்பது நூலை முதன்முதலாக வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கொலை முயற்சி தோற்றே தீரும். அப்படியிருந்தும் நூலைக் கீழே வைக்க முடியாமல் படித்தவர்கள் ஏராளம். கொலையாளி போலிக் கடவுச்சீட்டை எப்படிப் பெறுகிறான், துப்பாக்கியை எப்படி மறைத்துக் கடத்துகிறான், காவல்துறை எத்தனை அடி பின்தங்கி வருகிறது என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் விவரிக்கும்போது, நம் கவனம் முடிவை விட்டு விலகி, இது எவ்வாறு தடுக்கப்படப் போகிறது என்பதில் நிலைகொள்கிறது.

வரிசைகளில் இந்த உத்தி இன்னும் ஆழமாகச் செல்கிறது. சி. ஜே. சான்சம் எழுதிய ஏழு நாவல்களின் நாயகரான மேத்யூ ஷார்ட்லேக், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் லண்டனில் தொழில் செய்யும் வழக்கறிஞர். 2003இல் வெளிவந்த முதல் நாவல் 1537இல் நிகழ்கிறது. மன்னரின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் பணியாளராக, கலைக்கப்படவிருக்கும் ஒரு மடத்துக்கு ஷார்ட்லேக் செல்கிறார். கிராம்வெல் 1540 ஜூலை 28 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். இது நமக்குத் தெரியும், ஷார்ட்லேக்குக்குத் தெரியாது. அவர் அந்த அமைச்சரின் நிழலில் பாதுகாப்பைத் தேடும் ஒவ்வொரு காட்சியிலும், அந்த நிழல் இன்னும் எத்தனை மாதங்களுக்கு நிற்கும் என்று நாம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்போம். இரண்டாவது நாவல் 1540ஆம் ஆண்டின் கோடையிலேயே நிகழும்போது இந்தக் கணக்கு மிக நெருக்கமாகிவிடுகிறது. கொலையாளி யார் என்பதில் நாம் நாயகரைவிடக் குறைவாக அறிந்திருக்கிறோம். காலம் எங்கே போகிறது என்பதில் அவரைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம். இந்த இருவகை அறிவும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளும் இன்பத்தை, சமகாலத்தில் நிகழும் மர்மக் கதை எவ்வளவு திறமையாக எழுதப்பட்டாலும் தர இயலாது.

எது சான்றாக ஏற்கப்பட்டது?

ஆயினும் இந்த நாவல்களின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருக்கிறது. துப்பறிதல் என்று இன்று நாம் அறிந்திருக்கும் தொழிலின் கருவிகள் பெரும்பாலும் கடந்த 200 ஆண்டுகளில் தோன்றியவை. லண்டன் மாநகரக் காவல்துறை 1829இல் உருவானது. உடலில் ஆர்சனிக் நஞ்சு இருக்கிறதா என்று நம்பகமாகக் கண்டறியும் மார்ஷின் சோதனை 1836இல் வெளியானது. அர்ஜென்டினாவில் ஒரு கொலை வழக்கு விரல் ரேகையைக் கொண்டு முடிவானது 1892இல். கறை மனித ரத்தமா விலங்கின் ரத்தமா என்று பிரித்தறியும் சோதனை 1901இல்தான் வந்தது. இவற்றில் எதுவும் இல்லாத காலத்தில் ஒருவர் கொலை செய்யப்பட்டால், அதைக் கொலை என்று முடிவு செய்தது யார், எப்படி?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்கென்று ஒரு விடை வைத்திருந்தது. அந்த விடைகள் நம்முடையதிலிருந்து வெகுதூரம் விலகியவை. காட்ஃபேல் வாழும் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் என்ற பதவி இன்னும் ஏற்படவில்லை. அது 1194இல்தான் உருவாக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தச் செய்தோ நீரில் இறக்கியோ தெய்வத்தின் தீர்ப்பை அறிவதும், இரு தரப்பினரையும் ஆயுதமேந்திப் போரிடச் செய்து வென்றவரே உண்மை பேசியவர் என்று கொள்வதும் அன்றைய சட்டபூர்வமான வழிகள். 1215இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லேட்டரன் சங்கம், சமயகுருமார் இத்தகைய தெய்வச் சோதனைகளில் பங்கேற்கக் கூடாது என்று தடை விதித்த பிறகே முதல் வகை மறையத் தொடங்கியது. தடயங்களைக் கவனித்து உண்மையைக் கண்டறியும் ஒரு துறவி, அந்த உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அவருடைய உலகம் ஏற்கும் சான்றாக அதை மாற்றியாக வேண்டும். நல்ல நாவல்களில் பாதிச் சிக்கல் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

சீனாவின் கதை இதற்கு நேர் மாறான திசையில் செல்கிறது. டச்சு நாட்டுத் தூதரக அதிகாரியான ராபர்ட் வான் குலிக், 18ஆம் நூற்றாண்டுச் சீனத் துப்பறியும் நாவல் ஒன்றை மொழிபெயர்த்து 1949இல் வெளியிட்டார். பிறகு அதே நாயகரைக் கொண்டு தாமே ஒரு வரிசையை எழுதினார். அந்த நாயகரான நீதிபதி டீ, தாங் பேரரசில் 630 முதல் 700 வரை வாழ்ந்த டி ரென்ஜியே என்ற உண்மையான அரசு அதிகாரியின் புனைவு வடிவம். பழைய சீனாவில் ஒரு மாவட்டத்தின் நடுவரே புலனாய்வாளர், குற்றம் சாட்டுபவர், தீர்ப்பளிப்பவர். பழைய ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த அதிகாரங்கள் இங்கே ஒரே மேசையில் குவிந்திருக்கின்றன. ஆனால் குற்றவாளி தம் வாயால் ஒப்புக்கொண்டாலன்றித் தண்டனை விதிக்க முடியாது என்பது அங்கே பொது விதி. அந்த ஒப்புதலைப் பெறுவதற்காக அடிக்கச் சட்டமே இடம் தந்தது. கூர்மையான அறிவும் பிரம்படியும் ஒரே நீதிமன்றத்தில் அருகருகே இருப்பதை அந்த நாவல்கள் மறைக்காமல் காட்டுகின்றன. அதே நாட்டில்தான் சோங் சி என்ற அதிகாரி 1247இல் பிணப் பரிசோதனைக்கான முறையான கையேடு ஒன்றை எழுதினார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவரின் வழக்கில், ஊராரின் அரிவாள்கள் அனைத்தையும் தரையில் வரிசையாக வைக்கச் செய்து, எந்த அரிவாளை ஈக்கள் மொய்க்கின்றன என்று பார்த்து, கழுவிய பின்னும் தங்கியிருந்த ரத்தத்தைக் கண்டுகொண்ட நிகழ்ச்சி அதில் பதிவாகியிருக்கிறது. அறிவியல் கருவி இல்லாத இடத்தில் அறிவியல் மனம் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ரோமுக்குப் போனால் சான்று என்ற எண்ணமே நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அடிமையின் சாட்சியம் செல்லுபடியாக வேண்டுமானால், அது சித்திரவதையின்போது பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. ஸ்டீவன் சேலர் 1991இல் தொடங்கிய வரிசையின் முதல் நாவல், கி.மு. 80இல் இளம் வழக்கறிஞரான சிசரோ வாதாடிய உண்மையான தந்தைக்கொலை வழக்கை அடிப்படையாகக் கொண்டது. கொலையுண்டவருடன் இருந்த அடிமைகளை விசாரணைக்கு ஒப்படைக்க எதிர்த்தரப்பு மறுத்துவிட்டது என்று சிசரோ தம் உரையில் குறைப்பட்டுக்கொள்கிறார். இன்று அந்த உரையைப் படிக்கும் நாம், விசாரணை என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது புரிந்தவுடன் அவர் பக்கம் முழுமனத்தோடு நிற்க முடியாமல் போகிறோம். சேலர் கற்பனையாகப் படைத்த துப்பறிவாளர் நிற்பதும் அந்தச் சங்கடமான இடத்தில்தான்.

நேரத்தைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கொலை நடந்த வேளையில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்று நிரூபிப்பது நவீன துப்பறியும் கதையின் முதுகெலும்பு. அதற்குக் கடிகாரம் வேண்டும். ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றின, வீடுகளுக்கு வந்துசேர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே ஒரு மடத்தில் நிகழும் மர்மத்தில், நள்ளிரவுத் தொழுகைக்கும் விடியல் தொழுகைக்கும் இடையே யார் எங்கே இருந்தார் என்றுதான் கேட்க முடியும். நிமிடக் கணக்கை இழந்த ஆசிரியர், மணியோசையையும் வெளிச்சத்தையும் ஈரமண்ணையும் கொண்டு காலத்தை அளக்கக் கற்றுக்கொள்கிறார். இந்தக் கட்டுப்பாடுதான் நடையை மெதுவாக்கி, வாசகரையும் அந்தக் காலத்தின் வேகத்தில் நடக்கச் செய்கிறது.

வரிசையாக நீளும்போது

ஒரே நாவலில் ஒரு காலத்தை அறிமுகப்படுத்துவதற்கு ஆசிரியர் நிறைய விளக்க வேண்டியிருக்கிறது. உடை, நாணயம், பதவிப் பெயர், சட்டம் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் கதை களைத்துவிடக்கூடும். வரிசையில் இந்தச் சுமை பல நூல்களில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. மூன்றாவது நாவலைத் திறக்கும் வாசகர் மடத்தின் அமைப்பையும் மனிதர்களின் சிறு பகைகளையும் ஏற்கெனவே அறிந்தவர். அந்த அறிவின் மேல் ஆசிரியர் இன்னும் நுட்பமானவற்றை எழுப்பலாம். முதல் நூலில் எதிரியாக வந்தவர் ஐந்தாவது நூலில் நண்பராகலாம். நாயகரின் நம்பிக்கைகள் மாறலாம். ஷார்ட்லேக் சமயச் சீர்திருத்தத்தை மனப்பூர்வமாக நம்பும் ஒருவராக 1537இல் நமக்கு அறிமுகமாகிறார். 1549ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டு 2018இல் வெளிவந்த ஏழாவது நாவலுக்கு வரும்போது அந்த நம்பிக்கை தேய்ந்து, வேறொரு மனிதர் நம்முன் நிற்கிறார். ஒரு தலைமுறையின் மனமாற்றத்தை ஒரே மனிதரின் வயதேற்றத்தில் காட்டுவதற்கு வரிசை என்ற நீண்ட வடிவமே ஏற்றது.

அதே நீளம்தான் முதல் எல்லையையும் கொண்டுவருகிறது. 20 காட்ஃபேல் நாவல்களின் நிகழ்வுகளும் 1137க்கும் 1145க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பெரும்பாலும் ஒரே ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து நிகழ்கின்றன. ஆசிரியர் அவற்றை எழுத 17 ஆண்டுகள் ஆயின. கதைக்குள் அதன் பாதிக் காலமே நகர்ந்தது. ஒரு சிறிய ஊரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று சிக்கலான கொலைகள் நடப்பதை எந்த வரலாறும் தாங்காது. ஸ்டீபனுக்கும், அவருடைய அரியணைக்கு உரிமை கோரிய மாட் பேரரசிக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் இந்தக் குறையை ஓரளவு மறைக்கிறது, ஏனென்றால் போர்க்காலத்தில் அந்நியர்கள் வந்துபோவதும் பழிவாங்குவதும் இயல்பு. எனினும் பத்தாவது நூலைத் தாண்டும் எவரும் இந்த அடர்த்தியை உணர்வர். அதை மன்னித்துத்தான் மேலே படிக்க வேண்டும்.

இன்னும் கடுமையான எல்லை ஒன்று இருக்கிறது. வரிசை தொடர வேண்டுமானால் நாயகர் உயிரோடு இருக்க வேண்டும். கத்தி அவருடைய கழுத்தருகே வரும்போது, அலமாரியில் இன்னும் எட்டு நூல்கள் இருப்பது வாசகருக்கு நினைவுக்கு வரும். பதற்றம் அங்கேயே தளர்ந்துவிடும். திறமையான ஆசிரியர்கள் ஆபத்தை நாயகரிடமிருந்து அவரைச் சூழ்ந்தவர்களிடம் இடம்மாற்றுகிறார்கள். ஃபிலிப் கெர் இன்னொரு வழியைக் கண்டார். அவருடைய பெர்னி குந்தர் நாஜி ஆட்சிக்கால பெர்லினில் வாழும் முன்னாள் காவல் அதிகாரி. பிந்தைய நாவல்களில் பல, போருக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் 1930களுக்கும் 1940களுக்கும் இடையே முன்னும் பின்னுமாகச் செல்கின்றன. குந்தர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த நிலையிலேயே அவருடைய போர்க்காலத்தைப் படிக்கிறோம். ஆகையால் அவர் பிழைப்பாரா என்ற கேள்வி விலகி, அத்தகைய ஆட்சியின் கீழ் எதற்கெல்லாம் தலையசைத்து அவர் உயிரைக் காத்துக்கொண்டார் என்ற கேள்வி முன்னால் வருகிறது. லட்சக்கணக்கானவர்களைக் கொல்லும் அரசு, ஒரு தனிக் கொலையைக் கண்டுபிடிக்கச் சொல்லித் துப்பறிவாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது. வரிசை என்ற வடிவத்தின் பலவீனத்தையே இவ்வளவு கூர்மையான அறக்கேள்வியாக மாற்றிய வேறொரு ஆசிரியரை நான் படித்ததில்லை.

நம் காலத்து மனம், அவர்கள் காலத்து உடை

இந்த வகையின் மேல் வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு கால முரண். இதைச் சிறு பிழைகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகச் சுருக்கிவிடக் கூடாது. இன்னும் கண்டறியப்படாத ஒரு பயிரை உணவாகக் காட்டிவிட்ட பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். நாயகரின் மனமே நம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருந்தால் திருத்த வழியில்லை. எண்ணிப் பார்த்தால், இந்த வரிசைகளின் நாயகர்களில் மிகப் பலர் அடிமைமுறையை வெறுப்பவர்கள், பிற சமயத்தாரை மதிப்பவர்கள், பெண்களின் சொல்லுக்குக் காது கொடுப்பவர்கள். அவர்களைச் சுற்றியுள்ள அனைவரும் தம் காலத்தின் தப்பெண்ணங்களில் மூழ்கியிருக்க, இவர்கள் மட்டும் வறண்ட தரையில் நிற்கிறார்கள்.

ஆசிரியர்கள் இதற்குக் காரணம் கற்பிக்காமல் இல்லை. காட்ஃபேல் துறவியாவதற்கு முன்பு சிலுவைப்போர் வீரராகக் கிழக்கே பல ஆண்டுகள் வாழ்ந்து, இஸ்லாமியர்களோடு நெருங்கிப் பழகியவர். ஷார்ட்லேக் முதுகு கூனியவர் என்பதால் சிறுவயது முதல் ஏளனத்துக்கு ஆளாகி, ஒதுக்கப்பட்டவர்களின் வலியை அறிந்தவர். இவை ஏற்கத்தக்க காரணங்கள்தாம். ரோமைக் களமாகக் கொண்டு லிண்ட்சி டேவிஸ் 1989 முதல் எழுதிய ஃபால்கோ நாவல்கள் வேறொரு நேர்மையைக் கடைப்பிடிக்கின்றன: நாயகர் பேசுவது 20ஆம் நூற்றாண்டின் தனியார் துப்பறிவாளரின் குரல் என்பதை அவை ஒளிப்பதே இல்லை, வாசகரும் அதை உடன்பாட்டோடு ஏற்றுக்கொள்கிறார். காரணமும் இல்லாமல், உடன்பாடும் இல்லாமல், நல்லவர் என்பதாலேயே நாயகர் நம்மைப் போல எண்ணுகிறார் என்று ஆசிரியர் விட்டுவிடும்போதுதான் நாவல் தன் வேலையைக் கைவிடுகிறது. அங்கே கடந்த காலம் நம்மைப் பாராட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. நாயகர் நம்பும் ஏதேனும் ஒன்று நமக்கு ஒவ்வாததாக இருக்கிறதா, அதை ஆசிரியர் மன்னிப்புக் கேட்காமல் அப்படியே விட்டிருக்கிறாரா என்று பார்ப்பது நான் இந்த நாவல்களுக்கு வைக்கும் முதல் சோதனை.

ஆவணங்களின் மௌனம் இதைவிடப் பெரிய எல்லை. கி.பி. 61இல் ரோம் நகரத்தின் ஆட்சியாளராக இருந்த பெடானியஸ் செகுண்டஸைக் கொன்றவர் அவருடைய அடிமைகளில் ஒருவர். எஜமானர் கொல்லப்பட்டால் அதே கூரையின் கீழ் இருந்த எல்லா அடிமைகளும் இறக்க வேண்டும் என்ற பழைய வழக்கப்படி 400 பேர் கொல்லப்பட்டார்கள். மக்கள் எதிர்த்துத் திரண்டதையும், மேலவையில் நடந்த விவாதத்தையும், வழி நெடுகிலும் படைவீரர்கள் நிறுத்தப்பட்டதையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கொன்றவரின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை, இறந்த 400 பேரில் ஒருவரின் பெயரும் இல்லை. நாவலாசிரியர் இந்த வெற்றிடத்தில் ஒரு பெயரை, ஒரு முகத்தை, ஒரு குரலை வைக்கலாம். அது பெரும் கொடை என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் குரல் நம்முடைய கற்பனையிலிருந்து வந்தது. அதைக் கேட்டுவிட்டதாலேயே அடிமைகளின் மனத்தை அறிந்துவிட்டோம் என்று எண்ணத் தொடங்கினால், டாசிட்டஸின் மௌனத்தைவிட அதிகத் தீங்கு விளையும்.

மெய்யாக வாழ்ந்தவர்கள் மேல் கொலைப்பழி விழும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. மர்ம நாவலின் வடிவமே ஒரு விடையைக் கோருகிறது. வரலாறு பல வழக்குகளில் விடை தர மறுக்கிறது. 1483இல் லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்த இரு இளவரசர்கள் மறைந்துபோனார்கள். 1674இல் அங்கே கிடைத்த எலும்புகள் அவர்களுடையவையா என்பதும் இன்றுவரை உறுதியாகவில்லை. தம் துப்பறியும் வரிசையின் நாயகரை மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைத்து, இந்தப் பழைய வழக்கை அவர் ஆராய்வதாக ஜோசஃபின் டே 1951இல் ஒரு நாவலை எழுதினார். இளவரசர்களைக் கொன்றதாகப் பழி சுமந்த அவர்களுடைய சிற்றப்பா, மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் குற்றமற்றவர் என்று அதில் முன்வைக்கப்படும் வாதத்தை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. வாசகர்களில் மிகப் பலரோ அந்த நூலைப் படித்த நாளிலிருந்து அதையே நம்புகிறார்கள். கதையின் உறுதி அவ்வளவு வலிமையானது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதிய பொன்னியின் செல்வனின் நடுவில் நிற்கும் ஆதித்த கரிகாலனின் கொலை. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலைக்காகத் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களைச் சார்ந்தோரின் சொத்துகள் கைப்பற்றப்பட்ட செய்தியையும் தருகிறது. கொலை எங்கே எப்படி நடந்தது, தூண்டியவர் எவரேனும் உண்டா என்பதை அது சொல்லவில்லை. கல்கி அந்த இரவில் பலரை ஒரே அறையைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பழியை ஏற்க முன்வருபவர்களையும் பழிக்கு ஆளாகிறவர்களையும் காட்டுகிறார். ஐயத்துக்கு இடமில்லாத ஒற்றை விடையாக மட்டும் அதை முடித்து வைக்கவில்லை. இதை நாவலின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கல்வெட்டு நின்ற இடத்தில் நாவலும் நின்றது என்பதால், அதை நான் ஆசிரியரின் பொறுப்புணர்வாகவே காண்கிறேன்.

எங்கே தொடங்கலாம்?

ஆசிரியர் குறிப்பு இருக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் அறிவுரை. எது ஆவணத்திலிருந்து எடுத்தது, எது தாம் சேர்த்தது என்று பல ஆசிரியர்கள் நூலின் இறுதியில் எழுதுகிறார்கள். வான் குலிக் தம் பின்னுரைகளில், 7ஆம் நூற்றாண்டுத் தாங் காலத்தில் நிகழும் கதைகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய மிங் காலத்தின் உடைகளையும் பழக்கங்களையுமே பயன்படுத்தியதாகவும், பழைய சீன நாவலாசிரியர்களின் வழக்கமே அதுதான் என்றும் வெளிப்படையாகத் தெரிவிக்கிறார். இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் கதையின் முடிச்சுகளை வெளிப்படுத்திவிடும் என்பதால், நாவலை முடித்த பிறகே அவற்றைப் படிக்க வேண்டும்.

வரிசையை எந்த ஒழுங்கில் படிப்பது என்ற கேள்விக்கு, வெளிவந்த ஒழுங்கில் என்பதே என் விடை. காட்ஃபேல், ஷார்ட்லேக் வரிசைகளில் இரண்டு ஒழுங்குகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் குழப்பமில்லை. குந்தர் வரிசையில்தான் இது உண்மையான கேள்வியாகிறது. 1989, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் மூன்று நாவல்கள் முறையே 1936, 1938, போருக்குப் பின் 1947 என்று நேர்கோட்டில் செல்கின்றன. நான்காவது நாவல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல்தான் வந்தது. அதன்பின் கதை காலத்தில் அலைந்து திரிகிறது. கெர் 2018இல் மறைந்தார். மறு ஆண்டு வெளியான 14ஆவதும் இறுதியானதுமான நாவல், குந்தர் இளம் அதிகாரியாக இருக்கும் 1928ஆம் ஆண்டின் பெர்லினுக்குத் திரும்புகிறது. கதைக் காலத்தின் ஒழுங்கில் படிப்பவர் அதை முதலில் எடுத்து, நல்லதொரு துப்பறியும் கதையாக மட்டும் படித்து நகர்ந்துவிடுவார். மற்ற 13 நூல்களையும் முடித்துவிட்டு அங்கே வருபவருக்கு, அந்த நகரத்துக்கும் அந்த இளைஞருக்கும் அடுத்த 20 ஆண்டுகளில் நேரவிருப்பவை எல்லாம் முன்பே தெரியும். கெர் அந்த நாவலை அப்படிப்பட்ட வாசகருக்காகவே எழுதினார் என்று கருதுகிறேன்.